பர்வதமலைக்கு மூட்டை கட்டிய நாள்

என் மனைவியின் பேச்சு நின்றுபோனது தை மாதம் ஒரு வியாழக்கிழமை, விடிந்தும் விடியாத வேளையில், எங்கள் வீட்டு வாசற்கதவுக்கு முன்னால்.

செல்வி ஒரகடத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியில் லைன் லீடர். கார்களுக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைச் செய்கிற இடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எதைச் சரிபார்த்தாலும் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. விரலை நீட்டிக் காட்ட வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "கிளிப் ஓகே! டேப் ஓகே!" சரியில்லை என்றால் "என்ஜி!" 'நாட் குட்' என்பதன் இரண்டெழுத்துச் சுருக்கம், தேறாத சரக்கு என்று பொருள். அது சிவப்பு டப்பாவுக்குப் போய்விடும். விரலும் வாயும் சேர்ந்து வேலை செய்தால் கண் ஏமாறாது என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த வழக்கம் கம்பெனி கேட்டோடு நிற்காமல் ஷிப்ட் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. தினமும் கிளம்பும்போது சமையலறையிலிருந்து வாசல்வரை விரலை நீட்டிக்கொண்டே வருவாள். "கேஸ் ஓகே. மோட்டார் ஓகே. அயர்ன் பாக்ஸ் ஓகே." கடைசி அயிட்டம் நான். பாதித் தூக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்னையும் விடமாட்டாள். கண்ணாடி, சட்டைப் பட்டன், சர்க்கரை மாத்திரை. பெரும்பாலான நாட்களில் நான் என்ஜி. எங்கள் மகள் நித்யா இதைப் பார்த்துச் சிரித்தே வளர்ந்தவள்.

அந்த வியாழக்கிழமையும் கேஸ் ஓகே ஆனது. மோட்டார் ஓகே ஆனது. விரல் என்னை நோக்கி நீண்டது. தீர்ப்பு வரவில்லை.

நான் குனிந்து என் சட்டைப் பட்டனைப் பார்த்தேன். பட்டன் சரியாகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது செல்வியின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. நீட்டிய கை தானாகக் கீழே இறங்கியது. பிறகு அவளும்.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவர் ஏழுமலை. பக்கத்துச் சேரப்பணஞ்சேரிக்காரர். என் அலறல் கேட்டு பஸ்ஸை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"சார், ஆம்புலன்ஸு வரும்னு நின்னுகினு இருந்தா வேலைக்கு ஆவாது. தூக்கு! பஸ்ல போட்டுகினு போய்டலாம்!"

பஸ்ஸிலிருந்த பெண்கள் எல்லாரும் இறங்கி அவளைத் தூக்கினார்கள். அவள் லைனில் வேலை செய்கிற பிள்ளைகள். தெற்கத்திப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். ஒரு ஷிப்டே சீருடையோடு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. அன்றைக்கு அந்த லைன் தாமதமாக ஓடியிருக்கும். தாமதமானால் லீடர் கத்துவாள். கத்துகிற லீடர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள்.

உயிர் பிழைத்தாள். வலது கையும் காலும் மெல்ல மெல்ல அசைந்தன. சித்திரை பிறந்தபோது கோல் ஊன்றி நடந்தாள். பேச்சு மட்டும் வரவில்லை.

"அவங்களுக்கு நீங்க சொல்றது எல்லாம் புரியும் சார். திருப்பிச் சொல்லத்தான் வராது" என்றார் டாக்டர். "மூளையில பேச்சுக்கான இடத்துல அடி. முதல் சில மாசம் ரொம்ப முக்கியம். விடாம முயற்சி பண்ணுங்க."

என் தொழிலைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். வெட்கம்தான், ஆனால் நடந்ததற்குச் சாட்சி சொல்ல உட்கார்ந்துவிட்டால் மறைக்கக்கூடாது. வல்லம் வடகால், ஒரகடம் தொழிற்பேட்டைகளில் உள்ள கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு வாசகங்கள் எழுதிக் கொடுப்பவன் நான். 'கவனம் சிதறினால் கை சிதறும்' மாதிரியான அமர இலக்கியங்கள். வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம். பக்திப் பாடலிலிருந்து பௌதிகம்வரை எதைக் கேட்டாலும் ஒரு மேற்கோள் கைவசம் இருக்கும். சொற்களை விற்றுப் பிழைக்கிறவன் வீட்டில் ஒரு சொல்லுக்குப் பஞ்சம் வந்தது.

பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் படம் போட்ட அட்டைகள் கொடுத்துவிட்டுப் போனாள். பூனை, குடை, வாழைப்பழம். நித்யா கல்லூரிக்கு வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடித்துப் போன பிறகு, நான் அட்டையும் கையுமாக உட்காருவேன். "செல்வி, இது என்ன?" இரைச்சல் நடுவே மைக் இல்லாமல் ஒரு லைனையே நடத்தியவளிடம் வாழைப்பழத்தைக் காட்டிக் கேட்கிறேன். அவள் வாயைத் திறப்பாள். நரம்பு புடைக்கும். "தா" என்று வரும். பூனையும் தா. குடையும் தா. என் பெயரும் தா. தான் சொல்ல நினைப்பது ஒன்று, காதில் விழுவது வேறொன்று என்பது அவளுக்குத் தெரியும். ஒரு நாள் எல்லா அட்டைகளையும் இடது கையால் தள்ளிவிட்டாள். அதன் பிறகு அந்தத் 'தா'வையும் அவளே நிறுத்திவிட்டாள்.

வைகாசியில் லைன் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். கம்பெனி சார்பில் ஒரு சுவர்க் கடிகாரம், பழக்கூடை. இனிமேல் வேலைக்கு வரவேண்டாம் என்பதைப் பழக்கூடையில் வைத்துத்தான் சொல்கிறார்கள். முத்துலட்சுமி என்று சிவகங்கைப் பக்கத்துப் பெண், செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வைக்கப் பார்த்தாள்.

"யக்கா, புது லீடரு மைக்கு வச்சுத்தேன் பேசுது. ஒருத்தரு காதுலயும் விழுக மாட்டேங்குது. நீங்க ஒரு சத்தம் போட்டா அடுத்த லைன்காரவுகளும்ல ஓடி வந்து நிப்பாக! எப்பக்கா வாரீக?"

செல்வி சிரித்தாள். அவர்கள் போகும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள். பஸ் நகர்ந்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்றிலிருந்து அப்படித்தான் படுக்கை. கடிகாரத்தை மாட்ட எனக்கு மனம் வரவில்லை. பெட்டிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பாடு குறைந்தது. கைகால் பயிற்சி நின்றது. ஏழுமலை விடியற்காலையில் எங்கள் தெருவைத் தாண்டும்போது பழக்கதோஷத்தில் ஒரு ஹாரன் கொடுப்பார். அதைக் கேட்டால் அவள் கண்ணில் நீர் வழியும். நான் போய்ச் சொன்னேன். "ஐயோ, தப்பாப் பூட்ச்சே சார்" என்று மறுநாளிலிருந்து நிறுத்தினார். பஸ் சத்தமில்லாமல் போனதும் செல்வி இன்னும் அதிகமாக அழுதாள். எதைச் செய்தாலும் தப்பாகவே போன காலம் அது.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் அவள் எதையோ கேட்டாள். கண்ணால், கையால். தண்ணீரா என்றேன். இல்லை. போர்வையா? இல்லை. நித்யாவா? நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவள், திடீரென்று இடது கையால் தன் வாயிலேயே பளீர் பளீர் என்று அடித்துக்கொண்டாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். உதட்டில் ரத்தம் கசிந்தது. அவள் என்ன கேட்டாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வாரத்தில்தான் ஏழுமலை வந்து தின்பண்டப் பொட்டலத்தை வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கி நின்றார்.

"இன்னா ஏழுமலை?"

"இல்ல சார்... ஆவணி பௌர்ணமிக்கு பர்வதமலை போறோம். மாசியில போவணும்னு எங்களையெல்லாம் சேர்த்ததே லீடரு மேடம்தான். இவங்க இப்டி ஆனதும் யாருக்கும் மனசு வரல. அதான் தள்ளிப் போட்டுட்டோம். இவங்க பேருக்கு நீ வர்றியான்னு..."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். கலசப்பாக்கத்துக்குப் பக்கத்தில் உச்சியில் சிவன் கோயிலோடு வானத்தை முட்டிக்கொண்டு நிற்கும் அந்த மலையில் ஏறவேண்டும் என்பது செல்வியின் நீண்டநாள் ஆசை. மார்கழி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒரகடம் மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்தாள். எங்கள் ஊர் தோசைக்கல் மாதிரி தட்டை. இருக்கிற ஒரே மலை அந்த மேம்பாலம்தான். என்னைக் கூப்பிடவில்லை. என் தொப்பையைப் பார்த்து மலையே இறங்கி வந்துவிடும் என்று சொல்லிவிட்டாள்.

"நானா? மலையா?" என்றேன்.

"நீ எவ்ளோ தூரம் ஏறுவேன்னு அவன் பாத்துக்குவான் சார். நீ கெளம்பு, போதும்."

அன்று சாயங்காலம் பால் அடுப்பில் இருந்தது. நான் எதிரே நின்றுகொண்டேதான் இருந்தேன், ஆனாலும் பொங்கி வழிந்தது. முன்பெல்லாம் பால் பொங்கினால் வாசல்வரை கேட்கும்படி எனக்குத் திட்டு விழும். நான் காத்திருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி என்னைச் சமையலறைத் தரையில் உட்காரவைத்துவிட்டது. வாழ்நாளில் நான் படித்த தோத்திரம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாசகம் எழுதுகிறவனுக்கு வாசகம் வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

"மலைமேல இருக்கறவனே, அவ குணமாகணும்னு கேக்கற தைரியம் எனக்கு இல்ல. ஒரே ஒரு வார்த்தை குடு. திட்டா இருந்தாலும் சரி. திட்டா இருந்தா ரொம்ப நல்லது. நான் ஏறி வந்து என் கையால உன் தலையில தண்ணி ஊத்தறேன்."

பர்வதமலை உச்சியில் அதுதான் வழக்கம். மல்லிகார்ஜுனருக்கு நாமே நம் கையால் அபிஷேகம் செய்யலாம். தொட்டுக் கும்பிடலாம். நடுவில் யாரும் இல்லை. அந்த வழக்கத்துக்காகத்தான் செல்வி அங்கே போக ஆசைப்பட்டாள்.

பிறகு நித்யாவிடம் சொன்னபோது, அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டியாப்பா? சாமிகிட்டயும் சிக்கனமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவ்வளவுதான் நம்பிக்கை இருந்தது. இருக்கிற நம்பிக்கை அளவுக்குத்தானே கேட்க முடியும்.

ஆடி முழுக்கத் தயாரிப்பு. காலையில் மேம்பாலம் ஏறுவேன், இறங்குவேன். புதுக் கார்களை முதுகில் அடுக்கிக்கொண்டு போகும் நீண்ட டிரெய்லர்கள் என்னைத் தாண்டும்போது ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். வண்டி ரிப்பேரா, ஆள் ரிப்பேரா என்று அவர்களுக்குச் சந்தேகம். முதல் நாள் பாதியிலேயே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பையன் பைக்கை நிறுத்தி, "தாத்தா, ஆட்டோ கூப்டட்டா?" என்றான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்தக் கோபத்திலேயே மீதியை ஏறிவிட்டேன்.

மலை ஏறுவதற்குப் பிரத்தியேகமாக ஷூ வாங்கவேண்டுமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தேன். தொழிற்பேட்டைவாசிகளுக்கு ஷூ என்றால் ஒன்றுதான். சேஃப்டி ஷூ. முனையில் இரும்புத் தகடு வைத்தது. ஒரு கம்பெனி எனக்கு எப்போதோ இலவசமாகக் கொடுத்து, நான் போட்டுப் பழகிய ஜோடி பரணில் கிடந்தது. காலில் இரும்புக்கட்டி விழுந்தாலே ஒன்றும் ஆகாத ஷூவை மலை என்ன செய்துவிடும்? எங்கள் பகுதியில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அதையே மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு நம்பிக்கை. அதைத் துடைத்துப் பாலிஷ் போட்டு மேம்பாலத்தில் தடதடவென்று நடந்தேன்.

பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். படப்பையில் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர்.

"இன்னா சார், ஏறிடுவீங்களா?"

"சந்தேகம்தாங்க்கா."

"சந்தேகப்படாதீங்க. எங்க ஆண்டவரும் மலைமேல ஏறித்தான் ஜெபம் பண்ணாரு. நீங்க உங்க மலைல ஏறுங்க. நாங்க இங்க கீழ முழங்கால் போட்டுக்குறோம். செல்விக்கு வாய் தொறந்தா சரி."

இரண்டு பக்கமிருந்தும் மனுப் போய்க்கொண்டிருந்தது. செல்வி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலைக்குப் போகிறேன் என்று சொன்னபோதும் திரும்பவில்லை. உன் பேருக்குத்தான் போகிறேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். தான் ஏறவேண்டிய மலைக்கு வேறொருவன் போவதைக் கேட்டு அவள் எப்படிச் சந்தோஷப்படுவாள்? சொன்ன பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

டாக்டர் சொன்ன 'முதல் சில மாசம்' முடிந்துகொண்டிருந்தது. அதற்கு அப்புறம்? நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரவு படுத்தால் அவளுடைய குரல் எப்படி இருக்கும் என்று நினைவுபடுத்திப் பார்ப்பேன். சில சமயம் வரும். சில சமயம் வராது. நான் பயந்தது அதற்குத்தான். அவளுக்கு மறந்தது போதாதென்று எனக்கும் மறந்துவிடுமோ என்று.

புறப்படுவதற்கு முந்தைய நாள். ஞாயிற்றுக்கிழமை. காலை வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் காலியாக இருக்கும் ஒரே இடம் செல்வியின் கட்டிலில் அவள் கால்மாட்டுப் பகுதிதான். மற்ற இடமெல்லாம் புத்தகம். எனவே மூட்டைக்குள் போகவேண்டியவற்றை அங்கே பரப்பினேன். டார்ச். துண்டு. தண்ணீர்ச் செம்பு. கற்பூரம், வில்வம். சர்க்கரை தாழ்ந்தால் போட்டுக்கொள்ள மிட்டாய். மாத்திரை டப்பா. கடைசியாக, பளபளவென்று ஷூ.

நித்யா அறை வாசலில் சாய்ந்து நின்றாள். "எல்லாம் எடுத்துட்டியாப்பா?"

அவளைச் சிரிக்கவைக்கத்தான் அதைச் செய்தேன். அந்த வீட்டில் யாராவது சிரித்து மாதங்கள் ஆகியிருந்தன. விறைப்பாக நின்று, விரலை நீட்டி, செல்வியின் குரலில் ஆரம்பித்தேன்.

"டார்ச் ஓகே! துண்டு ஓகே!"

நித்யா சிரிக்கவில்லை. அவள் முகம் கோணியது. "அப்பா, வேணாம்ப்பா" என்றாள் மெதுவாக. தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது. ஆனால் ஆரம்பித்ததை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. குரல் இறங்கிக்கொண்டே போனது.

"செம்பு ஓகே. மாத்திரை ஓகே."

கட்டில் கிறீச்சிட்டது. செல்வி இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். மாதக்கணக்கில் சுவரைப் பார்த்த கண்கள் என் விரல் போகிற இடமெல்லாம் போய்க்கொண்டிருந்தன.

நான் ஷூவைக் காட்டினேன். "ஷூ ஓகே."

அவள் முழங்கையை ஊன்றி எழுந்தாள். இடது கையை நீட்டி ஒரு ஷூவை இழுத்தாள். கவிழ்த்தாள். அடிப்பாகத்தைப் பார்த்தாள். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். அடித்தோல் வாயைப் பிளந்துகொண்டு இரண்டாகப் பிரிந்தது. வரிகளெல்லாம் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. மேலே பாலிஷ் போட்டவன் கீழே பார்க்கவில்லை.

அவள் விரல் நீண்டது. உதடுகள் எதையோ தேடின. 'தா' வந்துவிடக்கூடாதே என்று மட்டும் நினைத்தேன். அது வந்தால் அவள் மறுபடியும் திரும்பிப் படுத்துவிடுவாள். இந்த முறை நிரந்தரமாக.

"எ... என்..."

நித்யா ஓடிவந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ஜி."

தெளிவாக. கரகரப்பாக. லைனில் சொல்கிற அதே அதட்டலோடு. தான் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டுவிட்டு அவள் எங்களைப் பார்த்தாள். சரியாகத்தான் வந்ததா என்று கேட்கிற பார்வை. "ம்மா!" என்று நித்யா அலறினாள். செல்வி ஷூவை என்மேல் எறிந்தாள். "என்ஜி!" மறுபடியும். "என்ஜி!" ஷூ என் தோளில் பட்டது. வலித்தது. இரும்பு முனை அல்லவா. என் வேண்டுதலுக்கு இறைவன் பதில் அனுப்பிய விதம் அப்படி.

நான் அழுததை இங்கே விவரிக்கப்போவதில்லை. ரெஜினா அக்கா மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்து, "தோத்திரம், தோத்திரம்" என்று செல்வியைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று மட்டும் சொல்கிறேன். பதில் யார் கணக்கில் வந்தது என்பதில் எங்களுக்குள் இன்றுவரை தகராறு இல்லை.

ஏழுமலைக்குப் போனில் சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"பேசிட்டாங்களா சார்? இன்னா சொன்னாங்க?"

"என் ஷூ என்ஜின்னாங்க."

"அடப்பாவி, அந்த ஷூவையா மாட்டிக்கினு வரப் பாத்த? மேல இரும்புப் படி கீது சார். வழுக்கிச்சுன்னா நேரா கைலாசம்தான். வெறுங்காலோட வா. பாறை கால புடிச்சுக்கும்."

மறுநாள் வெறுங்காலோடு ஏறினேன். அந்த ஏற்றத்தைப் பற்றி எழுத என்னிடம் அதிகமில்லை. பாதி நேரம் தவழ்ந்துதான் போனேன். என்னைவிட மூத்த அம்மாக்கள் தலையில் மூட்டையோடு என்னைத் தாண்டிப் போய், உட்கார்ந்து ஓய்வெடுத்து, மறுபடியும் தாண்டிப் போனார்கள். உச்சிக்கு முன்னால் செங்குத்துப் பாறையில் கடப்பாரைகளை அடித்து வைத்திருக்கிறார்கள். அதுதான் படி, அதுதான் பிடி. முந்தின நாள் மழையில் நனைந்திருந்தது. கீழே பார்த்தால் மேகம். எனக்கு முன்னால் போன இளைஞன் ஒருவனுக்கு ஷூ வழுக்கி இரண்டு காலும் அந்தரத்தில் ஆடின. கைப்பிடி பலமாக இருந்ததால் சமாளித்துக்கொண்டான். என் கைப்பிடி எவ்வளவு பலம் என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் அவளுக்காக ஒரு வார்த்தை கேட்டேன். அந்த வார்த்தை என்னைக் காப்பாற்றவும் வந்திருக்கிறது. கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"ஏறு சார், பின்னால ட்ராபிக் ஜாமு!" என்றார் ஏழுமலை.

ஒவ்வொரு பிடியையும் விரலால் தொட்டு, வாய்விட்டு "ஓகே" சொல்லிச் சொல்லி ஏறினேன். பின்னால் வந்தவர்கள் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்திருக்கலாம். தப்பில்லை.

உச்சியில் என் கையால் தண்ணீர் ஊற்றினேன். இன்னும் கேட்கலாம் என்று வழியெல்லாம் மனத்தில் பட்டியல் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அவள் முழுசாகப் பேசவேண்டும், மறுபடியும் லைனுக்குப் போகவேண்டும், பழைய செல்வியாக வேண்டும். கல் குளிர்ந்திருந்தது. நனைந்த கல்லின்மேல் கையை வைத்தபோது ஒன்றையும் கேட்க வாய் வரவில்லை. பேச வராமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது.

வீடு திரும்பியது மறுநாள் காலையில். சட்டையில் சேறு. முழங்காலில் சிராய்ப்பு. பட்டன் ஒன்றுகூட மிச்சமில்லை. செல்வி கோல் ஊன்றி வாசற்கதவுக்கு வந்து நின்றாள். தை மாதத்தில் எங்கே நின்றாளோ, அதே இடம். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். இடது கை உயர்ந்தது. விரல் என்னை நோக்கி நீண்டது.

நான் குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். அன்றைக்குப் பார்த்த மாதிரியே. என் தீர்ப்பு எனக்குத் தெரிந்ததுதான்.

வெகுநேரம் ஆயிற்று.

"ஓகே" என்றாள்.

அன்பர்களே, நான் கேட்டது ஒரு வார்த்தை. அதை அவன் நான் மூட்டை கட்டும்போதே கொடுத்துவிட்டான். இது நான் கேட்காதது.

அற்புதம் நடந்தது, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. அவளிடம் இப்போது இருக்கும் சொற்களை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். ஓகே, என்ஜி, நித்யா, போதும், வா. என் பெயர் இன்னும் வரவில்லை. லைனுக்கு அவள் இனிப் போகப்போவதில்லை. விடியற்காலையில் ஏழுமலை மறுபடியும் ஒரு ஹாரன் கொடுக்கிறார், அவளே சைகையால் கேட்டு வாங்கியது. அதைக் கேட்டுவிட்டு ஜன்னலில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருப்பாள். அப்போது நான் அந்த அறைக்குப் போகமாட்டேன். சுவர்க் கடிகாரத்தை மாட்டிவிட்டோம். ஆணி கோணலாக இருந்ததற்கு ஒரு என்ஜி வாங்கினேன்.

ஆனால் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. சாப்பிடுகிறாள். பயிற்சி செய்கிறாள். சமையலறையிலிருந்து வாசல்வரை இடது கை விரலை நீட்டிக்கொண்டு வருகிறாள். பால் பொங்கினால் எனக்குத் திட்டு விழுகிறது. அந்த இரண்டெழுத்துத் திட்டைக் கேட்கவே சில நாள் பாலைப் பொங்கவிடுகிறேன் என்று நித்யா சந்தேகப்படுகிறாள். நான் மறுக்கவில்லை.

நானும் மாறியிருக்கிறேன். முன்பு நான் தெய்வத்தைப் பற்றிப் பேசுகிறவன். இப்போது தெய்வத்திடம் பேசுகிறவன். கொச்சைத் தமிழில்தான். அவன் திருத்துவதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்போது யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். பெரிதாகக் கேட்க உங்களுக்குத் தெம்பு இல்லாமல் இருக்கலாம். அதனால் பரவாயில்லை. சிறியதாகக் கேளுங்கள். தரையில் உட்கார்ந்து, வாயில் வந்த மொழியில் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்காமல் மூட்டையைக் கட்ட ஆரம்பியுங்கள். மலையில் இருப்பவன் நாம் ஏறி வரும்வரை காத்திருப்பதில்லை.

ஷூவை மட்டும் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.